தரையிறங்கும் நேரத்தில் என்ஜினில் பறவை மோதல்: ஒரு குருவிக்காகவா அடுத்த பயணம் ரத்து?

ஜன்னலோரம்:

விமானத் துறையில் இருப்பவர்கள் யாராவது என் சந்தேகத்தைத் தீர்த்துவையுங்கள். அண்மையில் நான் வந்த விமானம் ஓடுபாதையை நெருங்கிக்கொண்டிருந்தது. சக்கரங்கள் இறங்கிவிட்டன, தரை மிக அருகில் தெரிந்தது. இடதுபக்க என்ஜினிலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம். சில நொடிகளில் முடி பொசுங்கிய வாடையும் இறைச்சி தீய்ந்த வாடையும் கலந்து கேபின் முழுக்கப் பரவியது. விமானமோ ஒன்றுமே நடக்காததுபோல் நேராகப் போய் இறங்கியது. விமானியிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை. வாகன நிறுத்தம்போல் வரிசையாக விமானங்கள் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகுதான், "பறவை மோதியிருக்கலாம்" என்று அறிவித்தார்.

அதே விமானத்தில்தான் நான் மேற்கொண்டு பயணம் செய்ய வேண்டும். காத்திருப்புக் கூடத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒருவர் டார்ச் விளக்கோடு என்ஜின் வாய்க்குள் ஏறி உட்கார்ந்து, விசிறித் தகடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு கறுப்புக் குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, சிறிய திரை ஒன்றில் எதையோ நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பயணம் ரத்து. பக்கத்தில் இருந்தவர், "ஒரு குருவிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கத்தினார். எனக்கும் அப்போது அதே எரிச்சல்தான்.

மோதியது தெரிந்தும் விமானி ஏன் மேலே ஏறிச் சுற்றிவந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கவில்லை? என்ஜின் வாயில் ஒரு வலையை மாட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே, ஏன் மாட்டுவதில்லை? தரையிறங்கும்போதுதான் பறவைகள் அதிகமாக மோதுகின்றன என்கிறார்களே, அது உண்மையா? பத்திரமாக இறங்கிய விமானத்தை ஏன் முடக்கிப்போட வேண்டும்?


கேள்விக்குறி:

வலை யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது. சாதாரண மின்விசிறிக்கே கம்பிக்கூடு போடுகிறோம். இன்னொன்று: என்ஜின் நடுவில் வெள்ளையாக ஒரு சுருள் கோடு வரைந்திருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அது சுழலும்போது கண்போலத் தெரிந்து பறவைகளை விரட்டுமாம். மூக்கில் இருக்கும் வானிலை ரேடாரைப் போட்டாலும் பறவைகள் விலகிவிடும் என்று எங்கோ படித்திருக்கிறேன். இவ்வளவு இருந்தும் மோதுகிறது என்றால் யாரோ எதையோ போட மறந்திருக்கிறார்கள்.


பழைய ஸ்பானர்:

விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த என்ஜின் வாய்க்குள் உட்கார்ந்து தகடு தடவியதுதான் என் பிழைப்பு. ஆகவே நீளமாகவே எழுதுவேன். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

முதலில் கேள்விக்குறி அவர்களுக்கு. அந்தச் சுருள் கோடு பறவைக்காகப் போட்டதல்ல, எங்களுக்காகப் போட்டது. விமான நிலையத் தளத்தில் இரைச்சலுக்குக் காதை மூடிக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு எந்த என்ஜின் ஓடுகிறது, எது நிற்கிறது என்று காதால் தெரியாது. கோடு சுழல்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் விலகி நடப்பான். பறவை அதைக் கண்டு பயப்படுகிறது என்று யாரும் நிரூபித்ததில்லை. வானிலை ரேடார் கதையும் அப்படியே. விமானிகளில் சிலரே அதை நம்புகிறார்கள். நம்பிக்கைக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இனி வலை. விமானங்களுக்கான சான்றிதழ் விதிகளில் அடிக்கடி வரும் பறவையின் எடை 1.8 கிலோ. தரையிறங்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மோதலில் இருக்கும் ஆற்றல் சுமார் 4,700 ஜூல். ஐம்பது கிலோ மூட்டை ஒன்றை மூன்று மாடி உயரத்திலிருந்து போட்டால் என்ன ஆகுமோ அதுதான். இதைத் தாங்கும் வலை கனமான கம்பியில்தான் இருக்க முடியும். அந்தக் கம்பி காற்றோட்டத்தைக் குலைக்கும். மேகத்துக்குள் போனால் அதில் பனிக்கட்டி படியும். படிந்த பனி என்ஜினின் மூச்சையே அடைக்கும். ஒரு கம்பி அறுந்தால் பறவையோடு சேர்ந்து இரும்பும் உள்ளே போகும். விசிறித் தகடு சதையையும் எலும்பையும் ஓரளவு தாங்கும், இரும்பைத் தாங்காது. பறவையைத் தடுக்கப் போய் அதைவிடக் கெட்ட ஒன்றை உள்ளே அனுப்புகிற யோசனை இது.

வலைக்குப் பதிலாக என்ன செய்கிறார்கள்? மோதினாலும் சமாளிக்கும்படி என்ஜினைக் கட்டுகிறார்கள். புதிய வகை என்ஜின் ஒன்றை ஓடவிட்டு, அழுத்திய காற்றால் இயங்கும் ஒரு பீரங்கியிலிருந்து செத்த பறவைகளை அதற்குள் சுட்டுப் பார்க்கிறார்கள். நடுத்தரப் பறவைகள் சில ஒன்றாகப் போனாலும் 75 சதவீத உந்துவிசையாவது மிஞ்ச வேண்டும். பெரிய பறவை, அதாவது மிகப் பெரிய என்ஜின்களுக்கு 3.65 கிலோ, ஒன்று போனால் விதி வேறு: என்ஜின் செத்துப்போகலாம், ஆனால் உறையைப் பிளந்துகொண்டு துண்டுகள் வெளியே பாயக் கூடாது, அடங்காத தீப் பிடிக்கக் கூடாது, அதை நிறுத்த முடிய வேண்டும். சான்றிதழ் வாங்கிய என்ஜின் என்றால் எந்தப் பறவையையும் விழுங்கிவிட்டு ஓடும் என்று பொருளல்ல. விமானிகளின் முன்கண்ணாடி 1.8 கிலோ பறவையை உள்ளே விடக் கூடாது. அந்தக் கண்ணாடியைச் சூடாக்கும் இணைப்பு பனிக்காக மட்டும் அல்ல. குளிர்ந்து விறைத்த கண்ணாடி அடுக்கு எளிதில் உடையும், சூடாக இருந்தால் வளைந்து கொடுக்கும்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். மோதியதும் ஏன் மேலே ஏறவில்லை?

ஏனென்றால் உங்கள் விமானிக்கு மூளை இருந்தது. தரையிறங்கும் விமானத்தைப் பாருங்கள். சக்கரம் இறங்கியிருக்கிறது, வேகம் சரியாக இருக்கிறது, ஓடுபாதை கண்ணெதிரே இருக்கிறது. என்ஜினிடம் அதிகம் கேட்பதற்கு ஒன்றுமில்லை; பாதிக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் விசிறி சுழன்றால் போதும். தகடு இரண்டு வளைந்திருந்தாலும் அந்த அளவில் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மேலே ஏற வேண்டும் என்றால் முழு விசையையும் கேட்க வேண்டும். அடிபட்ட விசிறியை முழு வேகத்துக்கு விரட்டினால் உள்ளே போகும் காற்று தடுமாறும், வெடிச் சத்தமும் பின்னால் தீ நாக்கும் வரும், விசை கிடைக்காது. சக்கரமும் இறக்கை மடிப்புகளும் வெளியே தொங்க, தரைக்குச் சில நூறு அடி உயரத்தில், விசையில்லாமல் நிற்பீர்கள். கையில் ஒரு நல்ல ஓடுபாதை இருந்ததை விட்டுவிட்டு இதை ஏன் தேட வேண்டும்?

இது வெறும் வாதம் அல்ல. 2008 நவம்பர் 10 அன்று ரோமின் சாம்பினோ விமான நிலையத்தில் போயிங் 737-800 ஒன்று இறங்கும் கடைசிக் கட்டத்தில் ஸ்டார்லிங் கூட்டத்துக்குள் புகுந்தது. நம் மைனாவின் உறவுக்காரப் பறவை, உள்ளங்கையில் அடங்கும். விமானிகள் மேலே ஏற முடிவெடுத்து விசையைக் கூட்டினார்கள். இரண்டு என்ஜின்களும் விசை இழந்தன. விமானம் தரையில் பலமாக மோதி, இடதுபக்கச் சக்கரத் தாங்கி உடைந்தது. 172 பேரும் உயிர் பிழைத்தார்கள். அந்த விமானம் மறுபடி பறக்கவில்லை. கூட்டம் கண்ணில் பட்ட நொடியில் ஏறத் துடிக்கிற கையை நான் குறை சொல்ல மாட்டேன், அது மனித இயல்பு. ஆனால் அதற்குப் பிறகு பயிற்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: தரைக்கு அருகில், இறங்கத் தயாரான நிலையில் பறவை மோதினால், இறங்கிவிடு. இறங்கிய பிறகும் அடிபட்ட என்ஜினில் எதிர்விசையை, அதாவது வேகம் குறைக்க என்ஜின் விசையை முன்பக்கம் திருப்புவதை, கூடியவரை தவிர், பிரேக்கை நம்பு.

விமானி பேசாததற்கும் விளக்கம் வேண்டுமா? முதலில் விமானத்தை ஓட்டு, அடுத்து வழியைப் பார், அப்புறம்தான் பேச்சு. இந்த வரிசையில் பயணிகளிடம் பேசுவது கடைசிக்கும் கடைசி. அந்த நேரத்தில் அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

பயணம் ரத்தானதற்கான காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், தெரியாமலேயே. அந்த வாடை. பெரும்பாலான ஜெட் விமானங்களில், போயிங் 787 விலக்கு, நீங்கள் சுவாசிக்கும் காற்று என்ஜினின் அமுக்கிப் பகுதியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. முன்விசிறி இழுக்கும் காற்றில் பெரும்பகுதி என்ஜினின் மையத்துக்குள் போகாமல், சுற்றியுள்ள வளையத்தின் வழியாகப் பின்னால் போய்விடும். பறவை விசிறியின் ஓரத்தில் பட்டால் கூழாகி அந்த வழியே வெளியேறிவிடும்; உங்களுக்கு ஒரு 'தொம்' மட்டும் கேட்கும். வாடை கேபினுக்கு வந்தது என்றால், பறவையின் ஒரு பங்காவது மையத்துக்குள், அமுக்கியின் சிறிய தகடுகளுக்குள் போயிருக்கிறது என்று பொருள். அந்தத் தகடுகள் பல வரிசைகளாக இருக்கும். உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். அவற்றை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதற்குத்தான் நீங்கள் பார்த்த கறுப்புக் குழாய். போரோஸ்கோப் என்போம்; நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். ஒருவர் என்ஜினைக் கையால் மெல்லச் சுழற்றுவார், இன்னொருவர் திரையில் ஒவ்வொரு தகடாகக் கடந்து போவதைப் பார்ப்பார். கொட்டாவி விட்டால் ஒரு தகடு தப்பிவிடும்; மறுபடி முதலிலிருந்து.

முன்விசிறியில் தடவிப் பார்ப்பது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். தகட்டின் முன்விளிம்பு கண்ணுக்கு நேராகத் தெரியும். டார்ச் ஒளியில் மினுமினுப்பு ஏமாற்றும். விரல் நகத்தை விளிம்போடு மெதுவாக இழுத்துக்கொண்டு போனால், சிறிய நெளிவும் வெட்டும் நகத்தில் தட்டும். நான் பஞ்சுத் துணியும் வைத்திருப்பேன். வெட்டு இருந்தால் நூல் அதில் மாட்டிக்கொள்ளும். வெட்டின் ஆழமும் இடமும் கையேட்டில் உள்ள வரம்புக்குள் இருந்தால் அரத்தால் இழைத்துச் சரிசெய்யலாம். வரம்பைத் தாண்டினால் தகட்டையே கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் சமநிலை கெடும் என்பதால், எடை பார்த்து எதிர்ப்பக்கத் தகட்டையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம். இது போக, மோதியது ஒரு பறவைதானா என்று யார் கண்டது? மூக்குக் கவசம், இறக்கையின் முன்விளிம்பு, வேகம் அளக்கும் குழாய், சக்கரத் தாங்கியில் ஓடும் பிரேக் எண்ணெய்க் குழாய்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இறங்கும்போது சக்கரம் வெளியே இருக்கிறது அல்லவா, பறவை அங்கேயும் மாட்டும்.

உள்ளே ஒரு தகடு வெட்டுப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் விட்டால், அது தரையில் காட்டிக்கொடுக்காது. அடுத்த புறப்பாட்டில் முழு விசை கொடுக்கும்போது காட்டிக்கொடுக்கும். உங்கள் பக்கத்தில் நின்று கத்தியவர் அந்த விமானத்தில் போகத் தயார் என்றால் போகட்டும். கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.


வலசைக்காரன்:

ஸ்பானர் ஐயா விமானத்தின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் பறவையின் பக்கம் நின்றவன். விமான நிலைய வேலிக்குள் பறவைகளைக் கணக்கெடுத்து விரட்டும் குழுவில் வேலை செய்தேன்.

தரையிறங்கும்போது அதிகமா என்றால், ஆம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1990 முதல் பதிவேடு வைத்திருக்கிறது. அதன்படி ஏறத்தாழ 61 சதவீத மோதல்கள் கீழே இறங்கும்போதும் ஓடுபாதையை நெருங்கும்போதும் இறங்கித் தரையில் ஓடும்போதும். 36 சதவீதம் புறப்படும்போதும் ஏறும்போதும். உயரத்தில் பறக்கும்போது நடப்பது மிகச் சொற்பம். (சொற்பம் என்றால் இல்லை என்றல்ல. 1973இல் அபிஜான் நகருக்கு மேலே 11,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் ஒரு பாறுக் கழுகு பயணிகள் விமானத்தில் மோதியது.) காரணம் எளிய கணக்குத்தான். இறங்கும் சரிவு மூன்று பாகை. 3,000 அடியிலிருந்து தரைக்கு வர ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தூரம், நான்கு நிமிட நேரம். ஏறும் விமானம் அதே உயரத்தை ஒன்றரை நிமிடத்துக்குள் தாண்டிவிடும். பறவைகள் புழங்கும் காற்றில் இறங்குகிறவன்தான் நெடுநேரம் இருக்கிறான். அதுவும் என்ஜினை அடக்கிக்கொண்டு, ஓசையில்லாமல் வருகிறான்.

ஆனால் உயிர்ச்சேதத்தைப் பார்த்தால் நெடுங்காலம் புறப்பாடுதான் முன்னால் நின்றது. 1960இல் பாஸ்டனில் ஸ்டார்லிங் கூட்டம், 62 பேர். 1988இல் எத்தியோப்பியாவின் பஹிர் தாரில் புறாக்கள், 35 பேர். முழு விசையில் ஓடும் என்ஜினுக்கு அடி பலமாக விழும் என்று ஐயா சொன்னதற்கு இவையே சாட்சி.

"பறவைக்குக் கண் இல்லையா, விலகக் கூடாதா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கண் இருக்கிறது, கணக்குத்தான் வேறு. அமெரிக்காவில் ஒரு வகைக் கரும்பறவையைக் காணொளித் திரைக்கு முன்னால் வைத்து, வாகனம் பாய்ந்து வருவதுபோல் வெவ்வேறு வேகங்களில் காட்டிப் பார்த்தார்கள். பறவை வேகத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை. பகை இவ்வளவு தூரத்துக்குள், சுமார் முப்பது மீட்டருக்குள், வந்தால் பறந்துவிடு என்று தூரத்தை மட்டும் பார்த்தது. மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் போனால் அந்தத் தூரம் போதவில்லை. பருந்தும் நரியும் துரத்திய காலத்தில் உருவான அளவுகோல் அது. 260 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு முப்பது மீட்டர் என்பது அரை நொடிகூட இல்லை.

எனவே பறவையை வானத்தில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தரையில்தான் வேலை. என் வேலையில் பாதி நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது பறவையை அல்ல, புல்லை. புல்லைக் குட்டையாக வெட்டினால் ஆட்காட்டியும் கடற்காகமும் வந்து நிற்கும்; நாலாபக்கமும் பார்க்க முடிகிற வெட்டவெளி அவற்றுக்குப் பிடிக்கும், புழுவும் எளிதில் கிடைக்கும். உயரமாக வளரவிட்டால் எலி பெருகும். எலிக்காகப் பருந்து வரும். பிரிட்டனில் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரவிடும் பழக்கம் நெடுநாளாக உண்டு. வேறு தட்பவெப்பத்தில் வேறு பறவைக்கு அது சரிப்படாது. எல்லா இடத்துக்கும் ஒரே உயரம் என்று சொல்கிறவர் புல்லைப் பார்த்ததில்லை. புல் வெட்டும் நாள்தான் எனக்கு மிகவும் வேண்டாத நாள். இயந்திரம் போன தடத்தில் தத்துக்கிளியும் பூச்சியும் சிதறிக் கிடக்கும். இயந்திரத்துக்குப் பின்னாலேயே கொக்கு நடந்து வரும், மேலே தகைவிலான் கூட்டம் சுழலும். போக்குவரத்து குறைந்த இரவில்தான் வெட்ட வேண்டும் என்று நாங்கள் சண்டை போட்டதே இதனால்தான். மழை பெய்தால் வேறு விதம்: மண்புழு ஓடுபாதையின் தார்மேலேயே ஊர்ந்து வந்துவிடும்.

வேட்டுச் சத்தம், அபாயக் குரல் ஒலிபரப்பு, வாயுப் பீரங்கி எல்லாம் உண்டு. ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து வெடிக்கும் பீரங்கியின் மேலேயே காகம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மாற்றி மாற்றிச் செய்தால்தான் மதிப்பு. வல்லூறு பறக்கவிடுவது, நாயை ஓடவிடுவது போன்றவற்றைப் பறவைகள் சீக்கிரம் சட்டை செய்யாமல் விடுவதில்லை. பகை உண்மையானது என்பதை அவை அறியும்.

வேலிக்கு வெளியேதான் பெரிய தலைவலி. சர்வதேச வழிகாட்டுதல் நிலையத்திலிருந்து 13 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தைக் கவனிக்கச் சொல்கிறது. மூன்று பாகைச் சரிவில் அந்தத் தூரத்தில் விமானம் ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில் இருக்கும். குப்பைமேடும் இறைச்சிக் கழிவும் நீர்நிலையும் அந்த வட்டத்துக்குள் எங்கே இருக்கின்றன, பறவை இரை தேடும் இடத்துக்கும் இரவு தங்கும் இடத்துக்கும் நடுவில் விமானப் பாதை குறுக்கிடுகிறதா, இதுதான் கேள்வி. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்தைச் சுற்றியுள்ள விவசாயிகளோடு பேசி, அறுவடை முடிந்ததும் தாளடியை உடனே உழுதுவிட ஏற்பாடு செய்தார்கள். சிந்திய தானியம் மண்ணுக்குள் போய்விட்டால் வாத்துக்கூட்டம் இறங்காது. பீரங்கியால் முடியாததைக் கலப்பை செய்தது.


ஜன்னலோரம்:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. அந்த வாடைக்கு இப்படி ஒரு பொருள் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. ஐயா, ஒன்று மட்டும் உறுத்துகிறது. "தரைக்கு அருகில் மோதினால் இறங்கிவிடு" என்கிறீர்கள். 2024 டிசம்பரில் தென்கொரியாவின் முவானில் நடந்ததும் தரையிறங்கும்போது மோதிய விபத்துதானே? அவர்கள் ஏன் மேலே ஏறினார்கள்?


பழைய ஸ்பானர்:

எதிர்பார்த்த கேள்வி. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

டிசம்பர் 29 காலை, போயிங் 737-800, 181 பேர். பறவை நடமாட்டம் இருக்கிறது என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் எச்சரித்தது. சற்று நேரத்தில் விமானி அபாய அறிவிப்பு கொடுத்து, பறவை மோதல் என்று சொல்லி மேலே ஏறினார். பிறகு எதிர்த்திசையிலிருந்து, சக்கரம் இறங்காமல், வயிற்றால் தரையிறங்கினார்கள். ஓடுபாதையைத் தாண்டிச் சறுக்கிப்போய், வழிகாட்டி ஆண்டெனாக்களைத் தாங்கிய கான்கிரீட் மேட்டில் மோதியது. 179 பேர் இறந்தார்கள். விமானப் பணியாளர் இருவர் மட்டும் பிழைத்தார்கள். இரண்டு என்ஜின்களிலும் பைக்கால் கிளுவை என்ற சிறிய வாத்தின் இறகும் இரத்தமும் கிடைத்தன. பதிவுக் கருவிகள் (கறுப்புப் பெட்டிகள்) இரண்டும் மேட்டில் மோதுவதற்கு நான்கு நிமிடங்களுக்கு முன்பே நின்றுவிட்டன.

அந்த நான்கு நிமிடங்களில் விமானி அறைக்குள் என்ன நடந்தது என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பெழுத நான் தயாரில்லை. நான் சொன்னது பொதுவிதி. எந்த உயரத்தில் பறவையைப் பார்த்தார்கள், ஏற முடிவெடுத்த பிறகு மோதியதா முன்பே மோதியதா, எதெது செயலிழந்தது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். ஆனால் ஒன்றை உரக்கச் சொல்வேன்: பறவை மோதியது மட்டும் அத்தனை பேரைக் கொல்லவில்லை. ஓடுபாதையின் முடிவில் உடையாத கான்கிரீட் இருக்கக் கூடாது. அங்கே நிற்கும் எதுவும் விமானம் இடித்தால் நொறுங்கிப் பொடியாகும்படி இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் பாலபாடம். அதைக் கட்டியது பறவை அல்ல.

2009 ஜனவரி 15 நியூயார்க் சம்பவத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். 2,800 அடியில் கனடா வாத்துகள் இரண்டு என்ஜின்களின் மையத்துக்குள்ளும் போயின. முன்னால் ஓடுபாதை இல்லை. ஹட்சன் ஆறுதான் இருந்தது. 155 பேரும் பிழைத்தார்கள். விமானி தனக்கு எட்டுகிற தூரத்தில் எது இருக்கிறது என்று பார்த்தார், அதை எடுத்துக்கொண்டார். ஓடுபாதை எட்டுகிற தூரத்தில் இருந்தால் அதை எடு என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.


கேள்விக்குறி:

சரி, வலையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சுருள் கோட்டையும்தான். ஆனால் என்ஜினுக்குள் போனது கூழாகிவிடும் என்கிறீர்கள், பிறகு அது பைக்கால் கிளுவை என்றும் கனடா வாத்து என்றும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கண்டுபிடித்துத்தான் என்ன பயன்?


வலசைக்காரன்:

ஐயா அனுமதித்தால் இதை நான் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது.

பாஸ்டன் விபத்துக்குப் பிறகு, என்ஜினிலிருந்து எடுத்த கந்தலான இறகுத் துணுக்குகள் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. ராக்ஸி லேபோர்ன் என்ற பெண்மணி அவற்றை அங்கிருந்த பாடம் செய்த பறவைகளோடு ஒப்பிட்டு ஸ்டார்லிங் என்று சொன்னார். விபத்து விசாரணைக்கு இறகு பார்க்கும் துறையே அவரிடமிருந்து தொடங்கியது. இறகின் அழகான மேல்பகுதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அடியில், தோலை ஒட்டி, பஞ்சுபோல் சில இழைகள் இருக்கும். அந்த இழையிலிருந்து பிரியும் நுண்ணிழையை நுண்ணோக்கியில் வைத்தால் மூங்கிலில் இருப்பதுபோல் கணுக்கள் தெரியும். கணுவின் வடிவமும் இடைவெளியும் நிறமும் வாத்துக்கு ஒரு விதம், புறாவுக்கு ஒரு விதம். அதை வைத்து எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். இனத்தை உறுதிசெய்ய இப்போது டி.என்.ஏ. இருக்கிறது, இரத்தக் கறை கொஞ்சம் இருந்தால் போதும். நியூயார்க் வாத்துகளின் இறகில் இருந்த ஐசோடோப்புகளைப் பார்த்து, அவை அந்த வட்டாரத்திலேயே தங்கிவிட்டவை அல்ல, வடக்கிலிருந்து வலசை வந்தவை என்றுகூடச் சொன்னார்கள்.

இங்கே பராமரிப்பில் இருக்கும் இளைஞர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். மோதிய இடத்தை உடனே தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். ப்ளீச் கலந்த எதையும் தொடாதீர்கள், டி.என்.ஏ. அழிந்துவிடும். ஆல்கஹால் தோய்த்த துணியால் கறையை ஒற்றி எடுங்கள். முழு இறகு இருந்தால் கத்தரிக்காமல் அடியோடு எடுங்கள், அந்தப் பஞ்சுதான் முக்கியம். ஒட்டும் நாடாவில் ஒட்டி அனுப்பாதீர்கள். தேதி, நேரம், எந்த ஓடுபாதை, எவ்வளவு உயரம் என்று ஒரு சீட்டு.

பயன் என்ன என்று கேட்டீர்கள். "ஏதோ ஒரு பறவை" என்று எழுதி அனுப்பினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆட்காட்டி என்று முடிவு வந்தால் ஓடுபாதை ஓரப் புல்லைப் போய்ப் பார்ப்பேன். தகைவிலான் என்றால் பூச்சி எங்கிருந்து வருகிறது என்று வடிகாலைத் திறப்பேன். புறா என்றால் விமானக் கொட்டகையின் உத்தரத்துக்கு ஏணி போடச் சொல்வேன். கிளுவை என்றால் வேலிக்குள் தேடிப் பயனில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய், எந்த ஏரியில் தங்குகின்றன, எந்த வயலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகின்றன என்று குறித்துக்கொண்டு வந்து, அந்த நேரத்தைக் கோபுரத்தில் இருப்பவர்களுக்கு எழுதிக் கொடுப்பேன்.